அணைக்கு வெளியே நின்ற வயல்

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அடித்தள மண்ணைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச வரச் சொன்னார்கள். பேசினால் எனக்குக் கோபம் வரும், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். கோபத்துக்குக் காரணம் உண்டு. என்னைக் கூப்பிட வந்த தம்பி, இப்போதெல்லாம் செய்மதிப் படத்திலேயே மண்ணின் வகை நிறம் நிறமாகத் தெரிகிறது, துளை போடுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். நல்ல பிள்ளை, நன்றாகப் படித்த பிள்ளை. படம் மேல்மண்ணைத்தான் காட்டும், அணை உட்காருவது அதற்குக் கீழே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

நான் பொறியியலாளன் இல்லை. மண் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் மன்னாரில் முசலிப் பக்கம். மண்ணால் ஓர் அணை கட்டுவதென்றால், கட்டப்போகிற மண் நல்லதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அந்த அணையைச் சுமக்கப்போகிற மண் நல்லதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அது கீழே கிடக்கிறது, கண்ணில் படாது, ஆகவே அதைப் பார்ப்பவனுக்கும் மரியாதை குறைவு. அணை நின்றால் கட்டியவருக்கு மாலை, சரிந்தால் எங்களுக்கு விசாரணை. இதில் எனக்கு இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நிறைய இருந்தது.

தொழில் பழகியது, இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில். வாப்பாவின் கூட்டாளி ஒருவர் சொல்லி, மண் சோதனைக் குழு ஒன்றில் வேலையாளாகச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க மண்பை சுமந்தேன். இரண்டாம் வருடம் ஓகர் திருகினேன். ஓகர் என்பது கையால் திருகி நிலத்துக்குள் இறக்கும் துளைக்கருவி. திருகத் திருக இடுப்பு விட்டுப்போகும். பிறகு சோதனை எழுதித் தேறி, உத்தியோகத்தன் ஆகி, ஊருக்குத் திரும்பக் கிடைத்தபோது மன்னார்க் கந்தோருக்கு மாற்றம் கேட்டு வந்தேன். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். நான் உண்மையாகப் பழகியது மன்னாருக்கு வந்த பிறகு, அங்கே பொறியியலாளராக இருந்த அருமைநாயகம் சேரிடம்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள். மெலிந்த உயரமான மனிதர், ஒரு முழங்கால் கொஞ்சம் மடங்காது. திட்டுகிற பழக்கம் இல்லை. அதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருந்தது. நாங்கள் எழுதிக்கொடுக்கும் அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு வசனத்திலும் விரலை வைத்து, "இது நீர் கண்டதோ, நீர் நினைச்சதோ?" என்று கேட்பார். கண்டது என்றால் விரல் அடுத்த வசனத்துக்குப் போகும். நினைத்தது என்றால் அங்கேயே நிற்கும். நாங்கள் தடுமாறும் வரைக்கும் நிற்கும். "மென்மையான களிமண்" என்று எழுதினால், மென்மை என்று உமக்கு யார் சொன்னது என்று கேட்பார். பெருவிரல் முழுக்க உள்ளே போனது சேர் என்றால், அப்படியே எழுதும் என்பார்.

வாகனத்தில் ஒரு பேசினும் துவாயும் எப்போதும் இருக்கும். துளையிலிருந்து வரும் மண்ணைத் தன் கையால் தொடாமல் எந்தக் கடதாசியையும் படிக்கமாட்டார். முதலில் ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பிசைவார். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நூல் மாதிரி உருட்டுவார். உடையாமல் மெல்லிய நூலாக வந்தால் களி, உருட்டும்போதே பொரிந்து உதிர்ந்தால் வண்டல். பேனாக்கத்தியால் வெட்டி, வெட்டிய முகம் மினுங்குகிறதா என்று பார்ப்பார். மணந்து பார்ப்பார். சில இடங்களில் நாக்கு நுனியிலும் வைப்பார். நாங்களும் வைத்தோம். வீட்டில் மனுசி இதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் எனக்குத் தனிக் கோப்பை வைத்தா.

சேற்றின் பலத்தை அளக்க எங்களிடம் ஒரு கருவி இருந்தது. நீண்ட இரும்புக் கம்பி, அதன் அடியில் நான்கு தகடுகள் குறுக்கே பொருத்தியிருக்கும். கம்பியைச் சேற்றுக்குள் அமிழ்த்தி, மேலே உள்ள கைபிடியை மெதுவாகத் திருக வேண்டும். சேறு விட்டுக்கொடுக்கிற கணத்தில் முள் எதில் நிற்கிறதோ அதுதான் அதன் பலம். மெதுவாகத் திருக வேண்டும் என்பது முக்கியம். அவசரப்பட்டால் எந்தச் சேறும் பலசாலி மாதிரி நடிக்கும். எங்கள் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிமுனைக் கத்தோலிக்கர்கள். தகடுகள் குறுக்கே இருப்பதைப் பார்த்து அதற்குச் 'சிலுவை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழுத் தலைவர் மரியான், முஸ்லிமான என்னைக் காட்டிச் சொல்லுவார், "மன்னாரிலயே வருசக்கணக்கா சிலுவை சுமந்த சோனகர் எங்கட சலீம் நானாதான்" என்று. எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அலுக்காது. ஒரு கட்டத்தில் எனக்கும் அலுக்கவில்லை.

சேருடன் செய்த வேலைகளில் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பெரிய விடயத்துக்கு வருகிறேன். முசலியில் ஒரு குளத்தின் அணைக்கட்டை நீட்ட வேண்டியிருந்தது. துளைகள் போட்டோம். மண் கடினம், சம்மட்டி அடித்து அடித்துக் கை வீங்கியது. நல்ல அடித்தளம் என்று எழுதிக்கொண்டு போனேன். சேர் வந்து ஒரு துளைக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம், காணவில்லை. மறுபடி ஊற்றினோம், காணவில்லை. கீழே ஒரு பழைய ஆற்றுமணல் படை, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. "பாரம் தாங்கும் சலீம். தண்ணியை மறிக்குமோ?" என்றார். கட்டின் நடுவே மணல் முடியும் ஆழம்வரை அகழி வெட்டிக் களிமண் நிரப்பினோம். அடித்தளம் என்றால் பலம் மட்டும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அந்தக் கட்டு இன்றைக்கும் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பார்க்காமல் வருவதில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

இலுப்பைக்கடவையிலிருந்து வெள்ளாங்குளத்துக்குப் போகும் வீதிக்கு மேற்கே, வயல் முடிந்து, கடல் ஏறி இறங்கும் வெட்டை நிலமான கடற்தரவை தொடங்கும் ஒரு விளிம்பு. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து, பற்றை வெட்டி, வயலை மீண்டும் உழுதிருந்தார்கள். மாரியில் காற்று மாறிக் கடல் ஏறினால் தரவையைத் தாண்டி உப்புத்தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும். வெயில் காலத்தில் வரம்பெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். உப்புத்தண்ணீரை மறிக்க ஒரு மண் அணை கட்டுவதற்குக் காசு ஒதுக்கப்பட்டது. தரவை ஓரமாக ஒரு பழைய பாதை போகிறது. அந்தப் பாதை வழியே அணை வருவதாகக் கோடு கீறினார்கள்.

கோவில் மண்டபத்தில் கூட்டம் வைத்து, வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டுச் சனத்துக்குக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். எல்லோரும் தங்கள் தங்கள் காணியைத் தேடினார்கள். கடைசியாக ஒரு அம்மா எழும்பி வந்தார். ஐம்பது வயது இருக்கும், கறுத்துக் காய்ந்த உடம்பு. வரைபடத்தில் கடல் பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்த ஒரு துண்டில் விரலை வைத்து, "இது உள்ளுக்கைதானே?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். "வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ நானா." பார்த்துத்தான் சொல்கிறேன், உள்ளுக்குள்தான் என்றேன். அவர் பெயர் திரேசம்மா. அந்த வயல் தாய் வழியில் வந்த சீதனக் காணி. புருசன் சண்டையில் போய்விட்டார். ஒரே மகள். அந்தக் காணியைத் தவிர மகளுக்குக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இதையெல்லாம் அன்றைக்கே, அந்த மண்டபத்திலேயே சொன்னார். கேட்காமலே சொன்னார்.

அந்தக் கோட்டின் மண்ணைப் பார்க்கும் வேலை எங்களுக்குத் தரப்படவில்லை. அவசரம் என்று ஒரு தனியார் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களும் கோட்டின் நீளத்துக்குத் துளை போட்டு, மேலே இறுகிய மண், அதன் கீழும் பரவாயில்லை, முழு உயர அணையையும் ஒரே தடவையில் கட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது சேரின் மேசைக்கு ஒப்பத்துக்கு வந்தது. சேர் ஒப்பமிடவில்லை. மண்பைகளைக் கொண்டுவரச் சொன்னார்.

கந்தோர் விறாந்தையில் பைகளை வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொரு துளையின் மேல்மண்ணையும் அவிழ்த்துக் கையை விட்டு அளைந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் எதையோ பொறுக்கி எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு போனார். கடைசியில் கூப்பிட்டுக் காட்டினார். மேசையில் ஒரு வரிசை சிவப்புக் கிறவல் கல்.

"சலீம், கடற்தரவையில கிறவல் விளையிறதோ?"

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கிறவல், வீதிக்குப் போடுகிற உள்நிலத்துக் கல். யாராவது ஏற்றிவந்து கொட்டினால்தான் கடற்கரைக்கு வரும். துளைகள் எல்லாமே அந்தப் பழைய பாதையின் மேல் விழுந்திருந்தன. மாரியில் ட்ரக்டர் புதையாமல் இருக்க, வருடா வருடம் யார் யாரோ கிறவல் கொட்டி, சில்லு ஏறி ஏறி இறுகிய பாதை அது. அதைத்தான் சோதித்திருக்கிறார்கள். பாதை ஒரு ட்ரக்டர் அகலம். அணையின் அடியோ அதைப்போல ஐந்தாறு மடங்கு. மிச்ச அடி உட்காரப்போகிற இடத்தில் ஒருவரும் கால் வைக்கவே இல்லை.

துளை போட்டவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பக்கத்து ஊர்க்காரர்தான். மறைக்கவில்லை.

"தரவைக்கை ஆர் சேர் இறங்கிறது? வெடி எடுத்தாச்சு எண்டு கடதாசி இருக்கு, ஓம். கடதாசி கால் வைக்கிறேல்லையே. நாங்கள்தானே வைக்கிறம்."

சேர் அவரைக் குறைசொல்லவில்லை. எனக்கும் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் அது காலில் ஊறிய பழக்கம். பாதையை விட்டு இறங்காதே, முன்னால் போனவன் மிதித்த இடத்தில் மிதி. கண்ணிவெடி அகற்றி, மண்டையோட்டுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் கால் கேட்காது. வேறு ஊர்க்காரர் துளை போட்டிருந்தால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இறங்கித்தான் போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் இந்தப் பிழை வரும்.

நாங்கள் போனோம். பாதையில் வாகனத்தை நிறுத்தி இறங்கினோம். தரவை வெயிலில் வெடித்து, சாம்பல் நிறத்தில் பார்வைக்குக் காங்கிரீட் மாதிரி கிடந்தது. ஒருவரும் இறங்கவில்லை. மரியான் ஓகரைத் துடைத்துக்கொண்டு நின்றார், அதில் துடைக்க ஒன்றுமில்லை. நான் கடதாசிகளை ஒழுங்குபடுத்தினேன். சேர் எங்களைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிப் பாதையோரம் வைத்தார். மடங்காத காலை இழுத்து இழுத்துத் தரவைக்குள் நடந்து போய், அணையின் வெளி அடி வரவேண்டிய இடத்தில் ஒரு முளையை ஊன்றிவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு நாங்கள் போனோம். போனோம் என்றாலும், அவரது கால்தடத்திலேயே கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பெருநாள் பவனி மாதிரிப் போனோம். எனக்குப் பயம்தான். அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

மேலே ஒரு முழம் கடினம். அதைத் தாண்டியதும் ஓகர் இழுவை இல்லாமல் இறங்கியது. நீலக் கறுப்பு நிறச் சேறு, அழுகிய முட்டை மணம், இடையிடையே சிப்பி. சேர் உள்ளங்கையில் வைத்து உருட்டினார், நூலாகப் போய்க்கொண்டே இருந்தது. சிலுவையை வைத்தபோது அமிழ்த்தவே தேவைப்படவில்லை, கம்பியின் பாரத்திலேயே போனது. கைபிடியைத் திருகினேன். முள் அசைந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு மேலே அப்படியே போய், அதற்குக் கீழேதான் கட்டிமண் தட்டியது.

அதன் மேல் முழு உயர அணையை ஒரே மூச்சில் ஏற்றினால், பாதைப் பக்கம் நிற்கும், கடல் பக்கம் சேற்றைப் பிதுக்கிக்கொண்டு சரியும். மாரியில் சரிந்தால் எல்லோருடைய வயலுக்குள்ளும் கடல் வரும். உள்ளே, வயல் பக்கமாகத் தள்ளி, கொஞ்சம் மேடான நிலம் ஒன்று போகிறது. அங்கே துளை போட்டோம். நல்ல பழுப்புக் களி, சிலுவையைத் திருக இரண்டு பேர் தேவைப்பட்டது. அணை அங்கேதான் போக வேண்டும். அப்படிப் போனால் ஒரே ஒரு வயல் மட்டும் வெளியே நிற்கும்.

கந்தோருக்குத் திரும்பும் வழியில் நான் சேருடன் வாதாடினேன்.

"சேர், அந்தத் துண்டுக்கு முன்னால கொஞ்சத் தூரம்தான். அந்த இடத்தில மட்டும் வெளிக்கோட்டில விட்டா நிண்டுடும் சேர்."

"நிக்கும் எண்டது நீர் கண்டதோ, நினைச்சதோ?"

அன்றைக்கு எனக்கு அவர் மேல் உண்மையாகவே கோபம். பையை அவிழ்க்காமல் ஒப்பம் வைத்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். மண்டபத்தில் அந்த அம்மாவுக்கு ஓம் சொன்ன வாய் என்னுடையது, அவருடையது இல்லையே.

கடிதம் போகுமுன் நேரில் சொல்ல வேண்டும் என்றார் சேர். இரண்டு பேரும் போனோம். திரேசம்மா முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். சேர் சுற்றி வளைக்கவில்லை. மண் சரியில்லை, அணை உள்ளே வருகிறது, உங்கள் காணி வெளியே நிற்கப்போகிறது என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

திரேசம்மா கேட்டார்.

"நீங்கள் வந்து கிண்டாமல் விட்டிருந்தா என்ர காணி உள்ளுக்கை நிண்டிருக்கும், என்ன?"

"ஓம் அம்மா, நிண்டிருக்கும்," என்றார் சேர். "ரெண்டு மூண்டு மாரிக்கு. பிறகு எல்லாற்ர காணிக்குள்ளயும் கடல் வந்திருக்கும்."

"எல்லாருக்கும் வந்தா எனக்கும் வரட்டும். எனக்கு மட்டும் ஏன்?"

"வந்து பாருங்கோ" என்றுதான் சேரால் சொல்ல முடிந்தது.

வந்தார். தரவைக்குள் அவர் எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். அவர் காணிக்குப் போகிற வழி, அவருக்கு என்ன பயம். சிலுவையை இறக்கி, கைபிடியை அவர் கையில் கொடுத்தோம். ஒரு விரலால் திருகினார், சுற்றியது. பிறகு உள்ளே மேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், அங்கும் அவர் கையிலேயே கொடுத்தோம். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்துத் திருகினார், அசையவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"விளங்குது. விளங்கினதுக்காக விட்டுட்டு இருக்க ஏலுமே?" என்றார். மகளின் பெயரைச் சொல்லி ஏதோ சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சேர் அடுத்த வாரம் முழுக்கத் தன் அறையிலேயே இருந்தார். சேறு அப்படியே சேறாக இருப்பதில்லை என்பது எங்களுக்குப் பாடம். மேலே கொஞ்சம் பாரத்தை வைத்துவிட்டுப் பொறுத்திருந்தால், அதற்குள் இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லப் பிழிந்து வெளியேறும், சேறு இறுகும். இறுகியதன் மேல் இன்னும் கொஞ்சம் வைக்கலாம். அவசரப்பட்டால் எல்லாம் போகும். வெளிக்கோட்டில் அப்படி ஒரு சிறிய அணையைப் படிப்படியாக எழுப்பலாம் என்றார். மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. காசு அந்த வருடத்துக்குள் முடிக்க வேண்டிய காசு, பொறுத்திருப்பதற்கென்று ஒரு திட்டத்திலும் இடம் கிடையாது.

அப்போது சேர் ஒரு வேலை செய்தார். அணை கட்டுமுன் அதன் அடி வரும் இடம் முழுக்கப் புல்லும் வேரும் கிடக்கும் மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். இது எல்லா அணைக்கும் உள்ள விதி. அந்த மண் அணைக்கு உதவாது, எங்காவது கொண்டுபோய்க் கொட்டத்தான் வேண்டும். எங்கே கொட்டுவது என்று தீர்மானிப்பது தளப் பொறியியலாளர். சேர் வரைபடத்தில் திரேசம்மாவின் வயலின் வெளி ஓரத்தைக் காட்டி, "இஞ்சை கொட்டுங்கோ. முழங்காலுக்கு மேல போகக்கூடாது" என்று எழுதினார். ஒரு விதியும் மீறப்படவில்லை. டிப்பர்க்காரர்களுக்குத்தான் சேற்றுக்குள் பலகை போட்டு ஓட்ட வேண்டி வந்ததில் சரியான எரிச்சல்.

போய் அந்த அம்மாவிடம் சொன்னோம். சேர் அன்றைக்கும் கதையை இனிப்பாக்கவில்லை. "இது நான் தாற வாக்கு இல்லை அம்மா. கடல் ஏறினா இதுக்கு மேலால வரும். வரும்தான். ஆனா மண் இறுகினா அடுத்த படி போடலாம்."

"எத்தினை வருசம்?"

"சலீம் வந்து வந்து பார்ப்பார். மண் சொல்லேக்கை அவர் சொல்லுவார்."

இப்படித்தான் அந்தச் சுமை என் தலையில் ஏறியது.

உள் அணை அந்த வருடமே கட்டி முடிந்தது. மற்றவர்கள் வயல் பச்சையாயிற்று. திரேசம்மா, வீட்டு முற்றத்திலிருந்து அந்த அணையைத் தாண்டித்தான் தன் காணிக்குப் போக வேண்டும். முதல் மாரியிலேயே கடல் அந்த முழங்கால் வரம்புக்கு மேலால் வந்துவிட்டது. தண்ணீர் வற்றியதும் வயலில் உப்புநிலத்து உமரிச் செடிதான் முளைத்தது. அவர் தம்பிமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வாடகைக்கு ட்ரக்டர் பிடித்து, கிறவல் ஏற்றிவந்து வரம்பை ஆள் உயரத்துக்குக் கட்டப் பார்த்தார். கேள்விப்பட்டு ஓடிப்போய் மறித்தேன். சிலுவையை இறக்கிப் பார்த்தேன், முள் பழைய இடத்திலிருந்து ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தது. இப்போது போட்டால் இருக்கிறதும் சேர்ந்து புதையும் என்றேன்.

"நீங்கள் அணை கட்ட வந்தனீங்களோ, கட்டாமல் மறிக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். தம்பிமாருக்கு முன்னால் கேட்டார். அன்றைக்கு ட்ரக்டரைத் திருப்பி அனுப்பினார், ஆனால் அதற்குப் பிறகு நான் போனால் தேத்தண்ணி இல்லை. கதிரையும் இல்லை. நான் நேராகத் தரவைக்குப் போய், பார்த்துவிட்டு, வேலியில் நின்று முடிவைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஒவ்வொரு வருடமும் அறுவடைக்குப் பிறகு, தரவை காய்ந்த நேரத்தில் போனேன். இடையில் சேர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள், எந்தத் திட்டத்தில் இந்தச் சோதனை என்று கேட்டார்கள். பழைய வேலை ஒன்றின் மிச்சம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யும் இல்லை.

போகப் பிடிக்காத வருடங்கள் இருந்தன. வேலியில் நின்று, இன்னும் இல்லை அம்மா, இன்னும் இல்லை என்று சொல்வது லேசான வேலை இல்லை. ஆனால் முள் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வருடம் கைபிடியைத் திருக இரண்டாவது கையும் தேவைப்பட்டது. அன்றைக்கு வேலியடியில் நின்று, "இன்னொரு படி போடலாம்" என்றேன். அவர் நம்பவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பத் தரவைக்குப் போய், தானே திருகிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு மண் தந்தது, தம்பிமார் போட்டார்கள். பிறகு பொறுத்திருந்தோம், பிறகு இன்னொரு படி. மழைத்தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போக, கடல் பக்கமாக மட்டும் திறக்கிற மூடியோடு ஒரு குழாய் வைத்தோம். கடல் ஏறியபோது அணைக்கு அந்தப் பக்கமே நின்றது. வயலில் மழைத்தண்ணீர் நின்று, வடிந்து, மறுபடி நின்றது. உமரி மெல்லக் குறைந்தது. மகள் அந்தக் காணியைச் சீதனமாக வாங்காமலே கல்யாணம் செய்துகொண்டு வெள்ளாங்குளத்துக்குப் போய்விட்டாள். காணி திருந்தினால் எழுதித் தருவதாகப் பேச்சு.

நான் ஓய்வுபெற இருந்த வருடம், அறுவடைக் காலத்தில் திரேசம்மா தொலைபேசி எடுத்தார். அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை. "நானா, ஒருக்கா வாங்கோ" என்றார், வைத்துவிட்டார். அணை சரிந்துவிட்டது என்றே நினைத்தேன். வழி முழுக்க எங்கே பிழை விட்டோம், கடைசிப் படியைக் கொஞ்சம் முந்திப் போட்டுவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டு போனேன்.

அணை நின்றது. திரேசம்மா வயலில், தரப்பாள் விரித்து அதன் மேல் நின்று தூற்றிக்கொண்டிருந்தார். மகளும் மருமகனும் பக்கத்தில் நின்றார்கள். கதிர் பாதிக்கு மேல் உப்பில் கருகியிருந்தது. தரப்பாளின் ஒரு பக்கத்தில் சிறிய நெற்குவியல், மறு பக்கத்தில் அதைவிடப் பெரிய பதர்க்குவியல். ஒரு பிடி பதரை அள்ளிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"பதர்தான் நானா. ஆனா நெல்லுப் பதர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை மூடிக்கொண்டு, அணையைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றேன். மகள் கதிரை இல்லை என்று சொல்லி ஒரு சாக்கை மடித்துப் போட்டு, போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றித் தந்தாள். குடிக்கும்போது திரேசம்மா வந்து பக்கத்தில் குந்தினார்.

"அடுத்த மாரிக்கு என்ன நெல்லு போட்டா உப்புக்குத் தாங்கும் நானா?"

"அது எனக்குத் தெரியாது அம்மா. விவசாயக் கந்தோரில கேளுங்கோ," என்றேன். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் மண்ணைப் பற்றிக் கேட்காமல் நெல்லைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான்.